முட்டும் அண்ணையின் முன்னறிவித்தல்

சுவிட்சர்லாந்தில் ரயில்கள் ஒன்றோடொன்று முட்டாமல் ஓடுவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எங்கள் முட்டும் அண்ணை அந்த நாட்டில் இருப்பதே போதுமான காரணம் என்பது என் கட்சி. எது எதோடு போய் முட்டும் என்பது அவருக்கு ஒரு வாரம் முன்னமே தெரிந்துவிடும். தெரிந்தால் சும்மா இருக்க மாட்டார். இரண்டு பக்கத்துக்கும் எழுதி அறிவிப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. எங்கடின் என்ற மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. வேலைக்குப் போகும் மலை ரயிலில் மடிக்கணினியோடு யன்னலோரம் உட்கார்ந்து, பனியைப் பார்த்தபடி பாதிக் கனவில் இருப்பார். மீதிப் பாதியில் எங்கள் மென்பொருளைப் பார்த்துக்கொள்வார்.

மென்பொருள் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதற்காக, இரண்டாயிரத்துப் பத்தையொட்டி நாங்கள் ஆறு பேர் ஆசைக்கு எழுதியது. யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். அவரவர் வீட்டில் ஒரு நகலைத் திருத்தி அனுப்ப, வின்டர்தூரில் இருந்த நான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பேன். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாகத் திருத்தியிருந்தால், எதை வைப்பது என்று தெரியாமல் கணினி கையை விரித்துவிடும். அதைத்தான் அண்ணை ‘முட்டும்’ என்பார்.

அவர் சொந்தமாக ஒரு வரி எழுதிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. எல்லாரிடமும் அரைகுறைத் திருத்தங்களையே கேட்டு வாங்கி, தன் கணினியில் முன்கூட்டியே சேர்த்துப் பார்ப்பார். எங்கே இடிக்கிறதோ, அதற்கொரு கடிதம் வரும்.

“அன்புள்ள தம்பி, அன்புள்ள தங்கச்சி. உங்கள் ரெண்டு பேரின்ர திருத்தமும் நாற்பதாம் வரியிலை முட்டும். தங்கச்சியின்ரயை முதல் வையுங்கோ. தம்பியின்ரயை அதுக்குக் கீழை வையுங்கோ. ஒருத்தரும் கோவிக்க வேண்டாம்.”

கடைசி வரி எல்லாக் கடிதத்திலும் உண்டு. ரயில் சுரங்கத்துக்குள் இருக்கும்வரை ஒன்றும் வராது. வெளியே வந்ததும் ஏழெட்டுக் கடிதம் ஒன்றாக வந்து விழும்.

இந்தப் பழக்கம் மென்பொருளோடு நின்றதா என்றால் இல்லை. என் மகளின் பிறந்தநாளுக்கு முதல்நாள் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, நான் வடை கொண்டு வாறன். உம்மட மச்சாளும் வடைதான் சுடுறாவாம். முட்டும்.”

“முட்டினால் என்ன அண்ணை, ரெண்டையும் சாப்பிடுவம்.”

“அப்பிடி இல்லை. என்ர வடை ஆறிப்போயிருக்கும், அதை முதல் வையும். அவவின்ர சுடச்சுடப் பிறகு வரட்டும். அவவுக்கும் சொல்லிப்போட்டன்.”

மச்சாள் வடை சுடவில்லை. கேசரியோடு வந்து, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதற்கு அண்ணையைத் தேடினார். அவரோ யன்னலருகே நின்று மூடுபனியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். திட்டப் போன மச்சாள் கேசரியின் முதல் துண்டை அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. அண்ணையின் கடிதங்கள் பெருகப் பெருக எனக்கு எரிச்சல் வந்தது. அவை வந்ததும் தாமாகவே தனிப்பெட்டி ஒன்றுக்குள் போகும்படி மின்னஞ்சலில் ஒழுங்கு செய்தேன். பெட்டிக்குப் பெயர் ‘பிறகு பார்க்கலாம்’. பிறகு பார்க்கவே இல்லை.

எங்கள் ஆறு பேரில், ஷாஃப்ஹவுசன் நகரில் இருந்த சுகந்திதான் எங்கள் மென்பொருளுக்கு வாய். எழுத்தைத் தொட்டால் அதன் ஒலி கேட்கும் பகுதி அவருடையது. வேலை முடிந்து மிஞ்சிய நேரத்தில் மூன்று மாதமாக அதைத் திருத்திக்கொண்டிருந்தார். நானோ அந்தப் பகுதி பழசாகிவிட்டது என்று நானே முடிவுகட்டி, அடியோடு நீக்கி, என்னுடையதை வைத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பிவிட்டேன். சுகந்தியிடமிருந்து ஒரே வரி வந்தது: “இனி நான் இல்லை.”

நான் அண்ணையின் மேல் பாய்ந்தேன். “எல்லாத்தையும் முதலே சொல்லுற நீங்கள், இதை ஏன் சொல்லேல்லை?”

தொலைபேசியில் ரயில் சத்தத்துக்கு நடுவே, “பாப்பம் தம்பி, கோவிக்காதையும்” என்றார்.

அதன் பிறகுதான் எனக்குப் பெட்டியின் ஞாபகம் வந்தது. திறந்தேன். ஒன்பது நாள் முன்னமே வந்த கடிதம் உள்ளே கிடந்தது.

“தம்பி, நீர் நீக்கப்போறதும் சுகந்தியின்ர மூண்டு மாச வேலையும் முட்டும். அழிக்க முன்னம் அவவோட கதைச்சுப் பாரும். ஒருத்தரும் கோவிக்க வேண்டாம்.”

வெட்கத்தில் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே, சுகந்திக்கும் எனக்கும் அண்ணையின் அடுத்த கடிதம் வந்துவிட்டது. “பிழை என்ர. எனக்கு முதலே தெரியும், தம்பிக்கு எழுத மறந்துபோனன். அவரிலை ஒரு குற்றமும் இல்லை.”

இரண்டு நாளில் சுகந்தி திரும்பி வந்தார். நான் நீக்கிய அவருடைய பகுதி பழைய இடத்துக்கே போனது. நான் உண்மையைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்திலேயே சுகந்தியும் நானும் மலை ரயிலில் அண்ணையைப் பார்க்கப் போனோம். வெளியே மலையும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்து, ரயில் நிலத்தில் ஓடுகிறதா மேகத்தில் ஓடுகிறதா என்று தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் எனக்குத் துணிவு வந்தது.

“சுகந்தி, அண்ணை மறக்கேல்லை. அவர் எழுதினவர். நான்தான் பார்க்கேல்லை.”

“தெரியும்” என்றார் சுகந்தி.

“எப்பிடி?”

“அவர் எப்பவும் ரெண்டு பக்கத்துக்கும் அனுப்புறவர் எல்லோ. அந்தக் கடிதம் எனக்கும் வந்தது. நீங்கள் கதைப்பீங்கள் எண்டு ஒம்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தனான்.”

“பிறகு ஏன் திரும்பி வந்தனீங்கள்?”

“உங்களுக்காக இல்லை. உங்களைக் காப்பாத்த அந்த மனிசன் பொய் சொல்லிச்சுது. எனக்கு நகல் அனுப்பினதையே மறந்துபோய்ச் சொல்லிச்சுது. அதுக்கு மேலை கோவிக்க ஏலுமோ?”

நிலையத்தில் அண்ணை சமையலறை ஏப்ரனோடு, தலையில் பனி விழ, எங்களுக்காகக் காத்திருந்தார்.

“என்ன, வழியிலை ரெண்டு பேரும் முட்டேல்லையோ?”

“இல்லை அண்ணை” என்றோம்.

ஊரார் முட்டலையெல்லாம் ஒரு வாரம் முன்னமே கண்ட மனிதர், தன் பொய் தன் கடிதத்தோடேயே முட்டும் என்பதை மட்டும் காணவில்லை. அதை நானும் சுகந்தியும் இன்றுவரை அவருக்கு அறிவிக்கவில்லை.