கண்ணில் விட்ட மருந்தும் கசந்த கேசரியும்

பெண் பார்க்கப் போகிறவனுக்கு வழுக்கை இருக்கலாம், கோணல் பல் இருக்கலாம். கண் மட்டும் சிவந்திருக்கக் கூடாது. சிவந்தால் எங்கள் பக்கத்தில் ஒரே காரணம்தான் சொல்வார்கள். (அதுவும் பாட்டிலில்தான் வரும்.)

எனக்குப் பிச்சிப்பூ வாசம் ஆகாது. பத்து நிமிஷத்தில் கண் அரித்து, மிளகாய்ப்பழமாகிவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பார்த்த பெண்ணோ சங்கரன்கோவில் பூ வியாபாரியின் மகள். முன்யோசனையாக, பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டேன்.

“ஒரு சொட்டு போதும் அண்ணாச்சி, அரிப்பு அடங்கிரும்” என்றார் கடைக்காரர்.

பெண் வீட்டு வாசலிலேயே பிச்சிப்பூக் கூடைகள். கண் அரிக்கத் தொடங்கியது. அம்மா என்னை ஓரம் கட்டினாள்.

“ஏலே, கண்ணு செவந்து கெடக்கு. குடிகாரப்பயன்னுல்லா நெனப்பாவ.”

கொல்லைப்பக்கம் ஓடினேன். ஒரு சொட்டுக்கே அரிப்பு அடங்கும் என்றால் ஐந்து சொட்டுக்குக் கண் பளிங்காகிவிடாதா? கண்ணுக்கு ஐந்தாக இரண்டிலும் விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கண்ணில் விட்ட மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும் என்று அந்தக் கடைக்காரர் சொல்லவில்லை. பெண் கேசரி கொண்டுவந்தாள். பார்த்ததுமே பிடித்துவிட்டது (கேசரியை அல்ல). ஒரு வாய் போட்டேன். வேப்பங்கொழுந்து தோற்றது. முகம் கோணியது. மிச்ச மருந்து கன்னத்தில் வழிந்தது.

“மாப்பிள்ளை கண் கலங்குதாரு. கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்திருக்கியளோ?” என்றார் பெண்ணின் அப்பா.

“அதெல்லாம் இல்ல, கேசரி கசக்கு” என்றேன். மடையன் வேறென்ன சொல்வான்?

பெண்ணின் முகம் வாடியது. அவள் கைநழுவிப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு, பையிலிருந்த மருந்தை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தேன். பூ ஆகாது என்பதையும், ஐந்தைந்து சொட்டு விட்டதில்தான் வாய் கசந்தது என்பதையும் சொல்லிவிட்டேன்.

பூ வியாபாரி அந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பூ ஆகாதுன்னா எங்க வீட்டுல எப்படிப் பொண்ணெடுப்பீய?”

அந்தப் பெண் தலையிலிருந்த பிச்சிச் சரத்தை உருவி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். நல்ல காரியத்தில் பூவை எடுக்கிறாளே என்று அவள் அம்மா பதறினாள்.

“கனகாம்பரம் வச்சுக்கிடுதேன். அதுல வாசம் கெடையாதுல்லா” என்றாள் பெண்.

கல்யாண மாலையும் கனகாம்பரத்தில்தான் கட்டினார்கள். இன்றைக்கும் சாம்பாரில் உப்பில்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும், “எத்தன சொட்டு விட்டிய?” என்பாள். உண்மையிலேயே உப்பு இருக்காது. அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.