பேட்டரிக்குக் காவல்

இனி மத்தியானத் தூக்கத்தை எந்தச் சக்திக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று, ராஜகோபுரத்தைப் பார்த்தே சபதம் செய்துகொண்டான் கண்ணாயிரம்.

பெயரில் ஆயிரம் கண் இருந்து என்ன பயன்? இருக்கிற இரண்டையும் சாப்பாட்டுக்குப் பிறகு மூட விடமாட்டாள் மனைவி சந்திரகலா. காலையெல்லாம் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பேட்டரி ஆட்டோ ஓட்டிவிட்டு, ஒரு மணிக்கு வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்கு வந்து வண்டியைச் சார்ஜில் போடுவான். நாலு மணி வரை வண்டிக்கு ஓய்வு. அவனுக்கு ரேஷன் கடை, மாவு மில், ஒட்டடைக் கொம்பு.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே ஆரம்பித்தான்.

"கலா, கம்பெனியில ஒண்ணு சொன்னாங்க. சார்ஜ் ஏறும்போது பக்கத்துலயே ஆள் இருக்கணுமாம்."

"இல்லன்னா?"

"சூடு ஜாஸ்தியாச்சுனா குபீர்னு பத்திக்குமாம்."

"ஐயையோ! அப்போ ரேஷன் கடைக்கு?"

"நீ போய்ட்டு வா. நான் காவல் இருக்கேன்."

முழுசாக ஏறியதும் சார்ஜர் தானே நின்றுவிடும். கம்பெனிக்காரன் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தான். அதையெல்லாம் வீட்டில் வந்து ஒப்பிக்க இவன் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?

காம்பவுண்டுப் புங்கமரத்தடியில், ஆட்டோவை ஒட்டிக் கட்டில் போட்டான். மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. சார்ஜர் விளக்கு மினுக் மினுக்கென்று தாலாட்டியது. கனவில் ஆட்டோ தரையைத் தொடாமல் கிரிவலம் போனது. எவ்வளவு சுற்றினாலும் சார்ஜ் இறங்கவில்லை. உச்சியில் ஒரு மேகத்தின்மேல் நிறுத்தினான். மேகம் மெத்தையாக விரிந்தது. அங்கே சவாரி கேட்டுக் கைதட்ட ஒருவரும் இல்லை. ரேஷன் கடையும் இல்லை. மூன்று நாள் கண்ணாயிரம் இந்திரபோகத்தில் இருந்தான்.

நாலாம் நாள் வந்து பார்த்தால், காம்பவுண்டில் இருக்கும் நாலு வீட்டுப் பேட்டரி ஸ்கூட்டரும் மரத்தடியில் நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் ஒயர் தொங்கியது.

"இன்னா கலா இது?"

"பாவம்ங்க, எல்லார் வண்டியும் ஆளில்லாமத்தான் சார்ஜ் ஏறுது. பத்திக்கிச்சுனா? எங்க வூட்டுக்காரரு பாத்துப்பாருனு சொல்லிட்டேன்."

"நானா?"

"பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாருங்க. சூடு ஜாஸ்தியா கம்மியானு இந்த நோட்டுல எழுதிடுங்க."

கண்ணாயிரம் நோட்டைக் கட்டில்மேல் தள்ளி வைத்தான்.

"அவ்ளோ பயப்பட வேணாம் கலா. சில வண்டியில..."

"தானா நின்னுடுமா? சொல்லுங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன். நீங்களும் மாவு மில்லுக்குக் கிளம்பலாம்."

"நிக்காது, நிக்காது!" என்று அலறினான். மூன்று நாள் பொய்யும் அம்பலமானால் மில்லோடு போகாது என்று அவனுக்குத் தெரியும்.

சந்திரகலா முந்தானையை உதறிவிட்டு, ஆற அமரக் கட்டிலில் சாய்ந்தாள்.

"நீ எதுக்கு இங்க படுக்கற?"

"காத்து நல்லா இருக்குதுங்க. நீங்க முழிச்சிருக்கும்போது எனக்கென்ன பயம்?"

முதல் ஸ்கூட்டரைத் தொட்டுப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். கண்ணாயிரத்துக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

கண்ணைத் திறக்காமலே சந்திரகலா சொன்னாள்.

"முழுசா ஏறினா தானா நின்னுடும்னு பக்கத்து வூட்டு ஓவியா டீச்சர் அடிச்சுச் சொன்னாங்க. நான்தான் ஒத்துக்கவே இல்ல, எங்க வூட்டுக்காரரு பொய் சொல்லமாட்டாருன்னுட்டேன்."