நனையக்கூடாத வாட்டர்புரூஃப் காமிரா

பத்திரப்படுத்துவோர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. எங்கள் காஞ்சிபுரத்தில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். பட்டு நெய்யும் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் புடவை கறைபட்டுவிடுமே என்று, நெய்ததை வெள்ளைத் துணியால் மூடி மூடியே பழகிய கை. எதைக் கண்டாலும் மூடும்.

நம் தினகரனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் இளைஞர் மன்றம் வருடா வருடம் புதையல் வேட்டை நடத்துகிறது. துப்புச் சீட்டோடு பைக்கில் அலைந்து, சொன்ன இடங்களை போட்டோ எடுத்து முதலில் வருகிற ஜோடிக்குக் கோப்பை. 2008-இல் பக்கத்துக் கிராமமான கூரத்தில் கொட்டிய மழையில் காமிரா செத்துப்போய், கடைசிப் படம் இல்லாமல் தினகரனும் மனைவி அகிலாவும் தோற்றார்கள். பாவம், அகிலா கோப்பைக்கென்று டிவி மேல் இடமே ஒதுக்கி வைத்திருந்தாள்.

பிறகென்ன, காமிரா தேடும் படலம். தண்ணீருக்குள் எத்தனை அடி போகும், கீழே விழுந்தால் தாங்குமா, மண் புகுமா, கையுறையோடு பொத்தானை அழுத்த முடியுமா (காஞ்சிபுரத்தில் கையுறை எதற்கு? கேட்கக்கூடாது) என்று இன்டர்நெட் சென்டரிலேயே குடியிருந்து, சென்னைக் கடைகளையெல்லாம் ஏறி இறங்கி, ஒரு கடைக்காரரை வாளித் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லி, ஒருவழியாக வாங்கினார். அன்றைக்கே அதற்குத் துணி உறை தைத்தார். உறைக்கு மேல் பிளாஸ்டிக் கவர். அதற்கு மேல் இன்னொன்று. கைவசம் உபரியாகச் சில.

அடுத்த வருடம் கடைசித் துப்பு தென்னேரி ஏரி. மதகுப் படியில், தண்ணீருக்குள், கல்லில் செதுக்கிய மீன். வேறு யாரும் வந்து சேரவில்லை. அகிலா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் துழாவிக் கண்டுபிடித்தே விட்டாள்.

"மீன் கெடச்சிடுச்சு! காமிரா குடுங்க, சீக்கிரம்!"

"இரும்மா, நனைஞ்சிடப் போவுது."

"நனையாத காமிரான்னுதானே வாங்கினீங்க?"

"நனையாதுதான். அதுக்குன்னு புதுசைக் கொண்டுபோயி தண்ணியில வுடுவாங்களா?"

எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்கள் வாக்குவாதம் முடிவதற்குள் போட்டிக்கு வந்த இன்னொரு ஜோடி, சின்னக் காஞ்சிபுரத்துச் சடகோபன், தன் தம்பியோடு வந்து இறங்கினார். கையில் ஒரு சாதாரணக் காமிரா. தண்ணீரைப் பார்த்தார். தினகரனைப் பார்த்தார்.

"ஸார், உபரியா கவர் ஏதாவது இருக்கா?"

கவர் கேட்பவரைக் கண்டால் இந்த இனத்துக்கு உடன்பிறப்பைக் கண்ட மாதிரி. "இந்தாங்க, நல்ல கெட்டி கவரு" என்று நம்மாள் நீட்டினார். சடகோபன் காமிராவை அதில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, தண்ணீரில் அமுக்கினார். ஒரே கிளிக். கோப்பை சின்னக் காஞ்சிபுரம் போயிற்று.

வீட்டு வாசலில் இறங்கியதும் அகிலா சொன்னாள்:

"அந்தக் காமிராவ டிவி மேல வைங்க, கோப்பை எடத்துல. கவரோட வைங்க."

அப்படியே வைத்தார். தூசு படக்கூடாதென்று மேலே ஒரு துண்டையும் போர்த்தினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. உங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பாலிதீன் சட்டையில்தானே இருக்கிறது? சரி, அதை விடுங்கள். இந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்டது யார்?