சூரியனுக்கு ஒரு வருகைப் பதிவேடு

வெயிலை அளப்பது அரசாங்க வேலை. ஆகவே அதை அரசாங்க நேரத்தில்தான் அளக்க வேண்டும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

2008-இல் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஊரெல்லாம் சோலார் பேச்சு. மலைமேல் பேத்துப்பாறைப் பள்ளி ஆசிரியை சுதாராணியும் சோலார் விளக்குக் கேட்டு ஒரு மனுப் போட்டாள். பத்து மணிக்கு மேல் மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். கரும்பலகை பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு விளக்கு எரிந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள் என்று அவளுக்கு ஆசை.

கட்டடத்தின் சூரிய ஒளி வளத்தை மதிப்பிட, செல்லப்பாண்டி என்ற அதிகாரி கருவியோடு திண்டுக்கல்லில் பஸ் ஏறினார். வந்து சேர மணி பன்னிரண்டு. கூரைமேல் கருவியை வைத்தார். பனியில் கருவியையே காணவில்லை. 'ஒளி வளம்: பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டார்.

"வெள்ளனே வந்து பாருங்க சார். ஏழு மணிக்கே சுள்ளுன்னு அடிக்கும்."

"ஆபீஸ் பத்து மணிக்குத்தாம்மா. அதுக்கு முன்னாடி அடிக்கிற வெயிலுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"இருட்டா கெடக்குன்னுதானே சார் வெளக்குக் கேட்டேன்?"

"இருட்டுக்குள்ள சோலார் வைக்க விதியில இடமில்லையே."

அதிகாரியும் மனிதர்தானே, இரங்கி ஒரு வழி சொன்னார்: சூரியனுக்கு ஒரு வருகைப் பதிவேடு. ஒரு மாதத்துக்கு, வந்த நேரம், போன நேரம், இரண்டு சாட்சிக் கையெழுத்து.

அதுவரை ஒன்பதரைக்கு முன்னால் பள்ளிப் படி மிதிக்காத சுதாராணி, முப்பது நாளும் ஏழு மணிக்கு வந்து கையெழுத்திட்டாள். கேரட் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் சூசைமுத்துவும் போட்டார். அவர் பிள்ளை மூன்றாம் வகுப்பு. சூரியன் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. மலையில் சம்பளம் வாங்கும் எவருக்கும் இப்படியொரு வருகை கிடையாது.

மேலிடம் மகிழ்ந்து ஆணையிட்டது: 'காலை ஏழு முதல் பத்து வரை போதிய வெளிச்சம் இருப்பதும், அந்நேரத்தில் ஆசிரியை பணியில் இருப்பதும் அவரது கையெழுத்தாலேயே மெய்ப்பிக்கப்படுவதால், இனி பள்ளி அந்நேரத்திலேயே நடைபெறும். விளக்கு தேவையற்றது.'

ஆணையைக் கொண்டுவந்த செல்லப்பாண்டியிடம் சுதாராணி மன்றாடினாள். "காலை வெயிலைச் சேத்து வச்சு மதியம் எரிக்கத்தானே சார் பேட்டரி?"

"லீவைத்தாம்மா சேத்து வைக்கலாம். வெயிலுக்கு அப்படி விதி கெடையாது."

"ஏழு மணிக்குப் பிள்ளைகளை அனுப்ப ஏலாது டீச்சர். மேட்டுல இருந்து எறங்கி வரணுமே" என்றார் சூசைமுத்து.

அப்படியே ஆயிற்று. பிள்ளைகள் ஒன்பதரைக்கு மூச்சிரைக்க வந்தார்கள். பத்துக்குப் பள்ளி விடும் மணி அடித்தது.

மூன்றாம் மாதம் செல்லப்பாண்டி அவள் கையெழுத்துக்காக இறுதி அறிக்கையை நீட்டினார். 'சூரியன் தவறாமல் வருகிறது. பிள்ளைகள்தான் நேரத்துக்கு வருவதில்லை. இப்பள்ளியை மூடலாம்.'

கையெழுத்திட மறுக்க ஒரு பொய்யாவது கிடைக்காதா என்று சுதாராணி இரண்டு தடவை படித்தாள். ஒன்றுகூட இல்லை.