தாண்டவராயன் பார்த்து வாங்கிக் கொடுத்த துப்பாக்கி

ஒரு காட்டில் யார் எதை வாங்கப் போனாலும் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். தனியாகப் போய் வாங்கி வந்தால், பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆள் ஏமாந்துவிட்டான் என்றுதான் பேச்சு வரும். கூட வருகிறவருக்கு ஒரு டீ, ஒரு வடை. அதோடு முடிந்தால் பரவாயில்லை. பொருள் பழுதானால் கடைக்காரரை ஒருவரும் திட்ட மாட்டார்கள். "யார் பார்த்து வாங்கிக் கொடுத்தது?" என்றுதான் கேட்பார்கள். முள்ளம்பன்றி வீட்டு மின்விசிறி மாட்டிய அன்றே கழன்று விழுந்தது. அதைப் பார்த்து வாங்கிக் கொடுத்த முயல் காட்டை விட்டே போய்விட்டது.

அந்தக் காட்டில் ரத்தினசபாபதி என்று ஒரு புலி இருந்தார். வயதாகி, மூட்டு வலி வந்து, ஓடுவது நின்றுபோயிருந்தது. தைலம் தடவிப் பார்த்தார். முழங்காலுக்கு உறை மாட்டிப் பார்த்தார். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. அவர் பதுங்கிப் பதுங்கிக் கிட்டே போவதற்குள் மான்கள் மேய்ந்து முடித்துத் தூங்கப் போய்விடும். இரண்டு வாரம் நத்தையும் தவளையுமாகத் தின்றவர், கடைசியில் ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

துப்பாக்கியைப் பற்றி யாருக்குத் தெரியும் என்று விசாரித்தார். காடே ஒரே பெயரைச் சொன்னது. தாண்டவராயன்.

தாண்டவராயன் ஒரு புள்ளிமான். எப்போதோ ஒரு வேட்டைக்காரன் சுட்ட குண்டு அவனுடைய பின்தொடையை உரசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவனும் குழல், தோட்டா, குறி என்று அங்கங்கே கேட்டதை வைத்துப் பேசப் பழகிக்கொண்டான். குண்டு பட்டது ஓடும்போது, பின்பக்கத்தில். துப்பாக்கியை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்படித்தான் எல்லா ஊரிலும் நிபுணர்கள் உண்டாகிறார்கள்.

புலி அவன் வீட்டு வாசலில் வந்து நின்று, தம்பிக்கு நாளைக்கு வேறு சோலி இல்லையென்றால் கடை வரைக்கும் போய்வரலாம் என்று பணிவாகக் கேட்டார். தாண்டவராயனின் மனைவி பூங்காவனம் அவனை உள்ளே இழுத்துப் போனாள்.

"அந்தாளு யாரைச் சுடுறதுக்கு வாங்குறாருன்னு கேட்டீங்களா?"

"நம்மளைத்தான். வேற யாரை?"

"தெரிஞ்சுமா போறீங்க?"

அவன் தன் திட்டத்தைச் சொன்னான். போகாவிட்டால் புலி வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போய் நல்லதாக வாங்கிவிடுவார். இவன் போனால், கடையில் இருப்பதிலேயே உதவாக்கரையான ஒன்றைத் தலையில் கட்டிவிடலாம். மான் இனமே பிழைத்துக்கொள்ளும். பூங்காவனம் யோசித்துப் பார்த்தாள். நல்ல திட்டம்தான். அதன்படி நடந்திருந்தால் இதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

கடை வைத்திருந்தவர் அம்பலவாணன் என்கிற கரடி. துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்தி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பக்கவாட்டில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருந்தது. ஒரு முறை சுட்டதும் அந்த போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த தோட்டா உள்ளே ஏறும்.

தாண்டவராயன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையில் இருந்த மிக நீளமான, மிகக் கனமான, பளபளவென்று வார்னிஷ் அடித்த துப்பாக்கியைக் காட்டினான்.

கரடி தலையைச் சொறிந்தார். "நீளக் குழல். மூங்கில் புதருக்குள்ள திருப்பவே முடியாது. தோள்ல வைக்கிற மரக்கட்டை மழையில ஊறி உப்பிப் போய் குறி தப்பும். இதையா சொல்றீங்க? உங்களைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்களே."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புலியும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாண்டவராயன் தாங்கியிருப்பான். இருந்தது இரக்கம். அவனுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"சும்மா உங்களைச் சோதிச்சுப் பார்த்தேன்," என்றான்.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. குழல் குட்டையாக இருக்க வேண்டும் என்றான். கட்டை பிளாஸ்டிக்கில் இருந்தால் எந்த மழைக்கும் அசையாது என்றான். புலியைத் தோளில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, தையல்காரர் மாதிரி நீளம் பார்த்தான். கரடி ஒரு பெரிய தோட்டாவை எடுத்துக் காட்டியபோது, ஐயாவின் தோள் அது சுடும்போது உதைக்கிற உதையைத் தாங்காது, மான் அளவுக்குப் போதும் என்று தடுத்துவிட்டான். மான் எந்த அளவு இருக்கும் என்று கரடி கேட்டார். தாண்டவராயன் பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினான். புலி துப்பாக்கி மேலிருந்த கண்ணாடிக் குழாய் வழியாக அவனைப் பார்த்து, முடி முடியாகத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார்.

கடைசியாக போல்ட். எல்லாவற்றிலும் பிடி சின்னதாக இருந்ததால் புலியின் நகம் வழுக்கியது. கரடியே, 'பரவாயில்லை, பழகிவிடும்' என்றார். தாண்டவராயன் விடவில்லை. உள் அறை வரைக்கும் தேடச் சொல்லி, பெரிய உருண்டைப் பிடி வைத்த ஒன்றை வரவழைத்தான். "இதுல உங்க நகம் நல்லா மாட்டும், ஐயா."

மாட்டியது. கடையே அவனை மெச்சியது. உயிர் போகும் என்று தெரிந்தபோது வராத அறிவு, மானம் போகும் என்றதும் எங்கிருந்தோ வந்துவிட்டது. கிளம்பும்போது துப்பாக்கிக்கு ஒரு உறையும் காலண்டரும் இலவசமாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தான்.

வீட்டில் பூங்காவனம், உதவாக்கரையைத்தானே தலையில கட்டினீங்க என்று ஆசையோடு கேட்டாள். அவன், கடைக்காரனே அசந்துவிட்டான் என்றான். அவளுக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. அழுதாள். அழுதுகொண்டே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேல்மலையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை புலி துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, புல்வெளிக்கு வந்து சுட்டார். குறி தவறி ஒரு மரத்தின் பட்டை பறந்தது. மான்கள் எல்லாம் ஓடின. தாண்டவராயனும் ஓடினான். ஓடி, மரங்களுக்குள் புகுந்து, தப்பித்தே விட்டான்.

பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி நிமிர்ந்து, யார் பார்த்து வாங்கிக் கொடுத்தது என்று புலியைக் கேட்டது. புலி பெயரைச் சொன்னார்.

"அதானே பார்த்தேன்," என்றது காட்டுப்பன்றி.

அது மரங்களுக்குள் நின்றவன் காதில் விழுந்துவிட்டது. அவன் கொஞ்ச நேரம் மேல்மலைப் பக்கம் பார்த்தான். குட்டிகளை நினைத்தான். பிறகு நேராகப் புலியிடம் வந்தான்.

"துப்பாக்கியில ஒரு குறையும் இல்லை. நீங்க விரல் வைக்கிற குதிரையை வெடுக்குனு இழுக்குறீங்க, ஐயா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அழுத்தணும். இப்ப போல்ட்டைத் தூக்குங்க. இழுங்க. தள்ளுங்க. மடக்குங்க. முழுசா மடங்கலை பாருங்க."

புலி முழுசாக மடக்கினார். தாண்டவராயன் புல்வெளியின் நடுவில் போய், பக்கவாட்டில் திரும்பி, ஆடாமல் நின்றான்.

இந்த முறை குறி தப்பவில்லை. புலி நொண்டிக்கொண்டு ஓடிவந்து அவன் தலையைத் தாங்கிப் பிடித்தார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. "அருமையான துப்பாக்கி, தம்பி."

"அந்தப் பன்றி பார்த்தானா?"

காட்டுப்பன்றி அதானே பார்த்தேன் என்று சொன்ன கையோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. புல்வெளியில் இவர்கள் இருவரையும் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. புலி நல்ல மனசுக்காரர்.

"பார்த்தான்," என்றார்.

நீதி: ஓடுகிறவன் தோட்டா எட்டாத தூரத்துக்கு ஓடினால் போதாது, பேச்சு எட்டாத தூரத்துக்கு ஓட வேண்டும்.