இரண்டு கறவை மாடுகள் தலைமை தாங்கிய குழு

எனக்கு வாய் நீளம். நான் இதை ஒப்புக்கொள்ள நாற்பது வருடம் ஆனது. என் வீட்டுக்காரர் கல்யாணமான மூன்றாம் நாளே ஒப்புக்கொண்டுவிட்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் பஸ் ஸ்டாப் நோட்டீஸ், வடை மடித்த காகிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பேசக் கற்றுக்கொண்டேன். அந்த வாயை நம்பித்தான் எங்கள் பொன்னரளி மகளிர் சுய உதவிக் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கினார்கள். (மற்றவர்கள் பேச நான் இடமே கொடுக்கவில்லை என்பதுதான் நிஜம்.)

எங்கள் ஊர் சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் இருக்கிறது. லாரிப் பட்டறைகள் முடிந்து மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடு தொடங்குகிற இடம். குழுவில் பன்னிரண்டு பேர். மாதாமாதம் பணம் சேர்ப்பதும் நாங்களே, அதில் கடன் கொடுப்பதும் நாங்களே, யாருக்கு முதலில் என்று சண்டை போட்டுச் சமாதானம் ஆவதும் நாங்களே. அந்த முறை செல்லம்மாளின் தேவை எங்கள் பெட்டிக்கு எட்டாததாக இருந்தது.

செல்லம்மாள் ஜவ்வரிசி மில்லில் கிழங்குத் தோல் உரிப்பவள். கிழங்குப் பாலில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். சோறு பிசையவே முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். ஒரு பெரிய கிரைண்டர் வாங்கி இட்லி மாவு ஆட்டி விற்றால் அந்த மில்லுக்கு முழுக்குப் போட்டுவிடலாம். சங்ககிரியில் ஒரு கடைக்காரர், பழைய கிரைண்டர் ஒன்றை மாதக் கடைசிவரை யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ராசாத்திக்கும் மாடு வாங்கும் ஆசை இருந்தது. எனவே வங்கிக் கடனுக்கு எழுதிப் போட்டோம். குழு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.)

போன மாதம் பக்கத்து ஊர்க் குழுவுக்கும் இதே அதிகாரிதான் வந்திருந்தார். நான் அங்கே போய், அவர் கேட்ட பத்துக் கேள்விகளையும் கேட்ட வரிசையிலேயே எழுதி வாங்கி வந்துவிட்டேன். எங்களில் பத்துப் பேரை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு பதில் என்று பிரித்துக் கொடுத்தேன். எல்லாரிலும் மூத்தவரான பாவாயி அக்காவுக்கு எதுவும் மனதில் நிற்காது என்பதால் அவருக்குக் கடைசி இடம், இருப்பதிலேயே சின்ன பதில்: "செவ்வாக்கிழமைங்க சார்." கூட்டம் நடக்கிற நாள்.

"கண்ணு, அவரு வேற ஏதாச்சும் கேட்டுட்டா?" என்றார் பாவாயி அக்கா.

"அவரு என்னமோ கேக்கட்டுங்க்கா. கொழப்பப் பாப்பாங்க. நீங்க உங்க பதில உட்டு அக்கட்டால இக்கட்டால போகப்படாது!"

"எனக்கு என்ன கேள்விங்க்கா?" என்று செல்லம்மாள் கேட்டாள். நாலு பேருக்கு முன்னால் பேசினால் அவளுக்கு உடம்பு நடுங்கும்.

"உனக்குக் கேள்வி இல்ல சாமி. நீ தூணுக்குப் பொறத்தால ஒக்காந்து டீ மட்டும் குடு."

ஐந்து நாள் ஒத்திகை. ஆறாம் நாள் அதிகாரி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளவயது, சட்டை முழுக்க வியர்வை. சமுதாயக் கூடத்தில் ஓடுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தேன். அதற்கு நேராகத்தான் முதல் கேள்விக்காரி பழனியம்மா. பத்தாவதாகப் பாவாயி அக்கா, வாசலை ஒட்டி. அதிகாரி உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார், கரண்டு போனது.

"காத்தே இல்லையே" என்றபடி அவர் எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசலோரம் போட்டார். நேர் எதிரே பாவாயி அக்கா.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வரிசையைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினேன். அவர்களோ இன்னும் சத்தமாகப் பேசச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"உங்க குழு பேரு என்னம்மா?"

"செவ்வாக்கிழமைங்க சார்!"

"நாள் இல்லம்மா, பேரு."

பாவாயி அக்கா என்னைப் பார்த்தார். 'கொழப்பறான், நான் உடமாட்டேன்' என்று கண்ணாலேயே தைரியம் சொன்னார். "செவ்வாக்கிழமைங்க!" என்று கூடம் அதிரச் சொன்னார்.

அதிகாரி அடுத்த ஆளான ராசாத்தியிடம் திரும்பினார். "சரி, உங்க தலைவி யாரு?"

"ரெண்டு கறவ மாடுங்க சார்."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

"மொத்தம் எத்தனை பேரு?"

"ஒண்ணுகூட பாக்கி இல்லீங்க சார்."

"கூட்டத்துக்கு வராதவங்களை என்ன பண்ணுவீங்க?"

"பொட்டியில போட்டுப் பூட்டி வெச்சிருவோமுங்க சார்."

அவர் பேனாவை மூடினார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வருத்தப்பட்டார். "யாரோ சொல்லிக் குடுத்து உக்கார வச்சிருக்காங்க. இது பேருக்கு நடக்கிற குழு. என்னால கடனுக்கு எழுத முடியாதும்மா" என்று எழுந்தார். என் வாய், நாற்பது வருடத்தில் முதல்முறையாக, ஒட்டிக்கொண்டது.

தூணுக்குப் பின்னாலிருந்து டம்ளர்கள் நடுங்கும் சத்தம் கேட்டது. செல்லம்மாள் தட்டோடு வந்து வாசலை மறித்து நின்றாள்.

"டீ குடிச்சுப்போட்டுப் போங்க சார். பேருக்கு நடக்குற குழுவுன்னா சொன்னீங்க? என்ர பையனுக்குக் காச்சல் வந்து ஆஸ்பத்திரில கெடந்தனுங்க. மூணு மாசம் தவணை கட்டல. இவுங்க யாரும் என்ர ஊட்டு வாசல்ல வந்து நிக்கல. மில்லுல எனக்குப் பதிலா தெனம் ஒருத்தரு போயி கெழங்கு உரிச்சாங்க. இந்தப் பாவாயி அக்கா இந்த வயசுல உரிச்சாங்க. அந்தக் கூலியிலதான் என்ர தவணை முடிஞ்சுது. கூப்புட்டுக் கேளுங்க மில்லுக்காரர!"

மூச்சு வாங்கிவிட்டு அவள் என்னைக் காட்டினாள்.

"இந்தக்காவும் வந்தாங்க. ஒரு நாளு. தோலு அப்படியே இருந்துச்சு, கெழங்குதான் காணாமப் போச்சு. மில்லுக்காரரு அடுத்த நாளு கேட்டுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாரு."

அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீ சட்டையில் கொட்டியது. திரும்ப உட்கார்ந்து அவளிடமே எல்லாக் கேள்வியையும் கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சொன்னாள். கடைசியில் அவர் கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்சவங்க முதல்லயே பேசியிருக்கலாமே?"

"எனக்குக் கேள்வி இல்லைன்னு அக்கா சொல்லிட்டாங்களுங்க சார்."

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் கடன் வந்தது. கிரைண்டரை என் வீட்டுக்காரர் ஓட்டுகிற லாரியிலேயே ஏற்றி வந்தோம். செல்லம்மாள் இப்போது கையால் பிசைந்துதான் சாப்பிடுகிறாள்.

அடுத்த கூட்டத்திலேயே அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதோடு ஒரு தீர்மானமும் போட்டார்கள்: 'இனிமேல் யாரும் யாருக்கும் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது.' அதை நோட்டில் எழுதியது நான்தான். (என் கையெழுத்துதான் அழகு என்றார்கள். பாவிகள்.)

வீட்டில் மட்டும் விட்டார்களா? வீட்டுக்காரர் லாரியிலிருந்து போன் பண்ணி இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால், என் மகள் போனைப் பிடுங்கி, "செவ்வாக்கிழமைங்க சார்" என்கிறாள். பாவாயி அக்காவோ தான் தன் பதிலைச் சரியாகத்தான் சொன்னதாகவும், அதிகாரிதான் கேள்வியை மாற்றிவிட்டதாகவும் இன்றுவரை சாதிக்கிறார்.

அந்த அதிகாரி இப்போதும் வருடம் ஒருமுறை வருகிறார். நாற்காலியில் உட்காருகிறார், செல்லம்மாள் கொடுக்கிற டீயை வாங்கிக்கொள்கிறார், ஃபைலைத் திறக்குமுன் ஒருமுறை எல்லாரையும் சுற்றிப் பார்க்கிறார்.

"அந்த ரெண்டு கறவ மாடு வந்திருக்காங்களா?"

நான் கையைத் தூக்குகிறேன்.