முழுநேரமாக மனம் புண்படுகிறவர்

மனிதர்களில் 'புண்படுகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் எனக்கும் செருப்புக் கடித்தால்தான் புண் வரும். இவருக்கோ, எதிர்வீட்டுக்காரர் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறார் என்று நினைத்தாலே வந்துவிடும். உலகத்தையே படைத்துக் காத்துவரும் கடவுளுக்குத் தன்னைக் காத்துக்கொள்ள மட்டும் தெரியாது என்பது இவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே காவலுக்குக் கிளம்பிவிடுவார். படிக்காத புத்தகம், பார்க்காத படம், காதில் விழாத பாட்டு எல்லாமே இவரைப் புண்படுத்தும். படித்துவிட்டுப் புண்பட நேரம் ஏது?

நேரில் கேட்டுப் பாருங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் எல்லா மதத்தையும் மதிக்கிறவன். நம்ம ஆளுங்க மனசு கஷ்டப்படும், அதான் பாக்குறேன்" என்பார்.

இந்த இனம் ஏதோ ஒரு மதத்தில்தான் விளையும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே மூன்று மதத்துக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மருந்துக்கடைக்காரர், கண்ணாடிக்கடை முதலாளி. ஒருவர் லிஃப்டுக்குள் இருந்தால் மற்றவர் முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறுவாரே தவிர, உள்ளே கால் வைக்கமாட்டார். இந்த மூவரும்தான் குடியிருப்போர் குழு. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிப் பதினோரு மாதமாகப் பேசுகிறார்கள். யார் வாயைத் திறந்தாலும் மற்ற இருவருக்கும் அதில் சதி தெரிகிறது. தொட்டியில் பாசி தெரிவது எங்களுக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் மாடியில் காலியாக இருந்த வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்தார். வீட்டின் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார், குழு கையெழுத்துப் போட்டால் சாவி கிடைக்கும். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, கால் முறிந்த கணவரைச் சாமான் வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தார். குழுவின் படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தார். மதம் என்ற கட்டம் மட்டும் காலி.

போதாதா? மூவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், வெள்ளைத் துணி போர்த்திய உயரமான ஏதோ ஒன்று. அது மருந்துக்கடைக்காரர் மதத்தின் வழிபாட்டுச் சாமான் என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடிக்கடை முதலாளி மதத்தினுடையது என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. இதெல்லாம் தலைமையாசிரியர் ஆட்களின் வேலை என்று கண்ணாடிக்கடை முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. துணியை விலக்கிப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? அடுத்த மதத்தின் புனிதப் பொருளில் கை பட்டால் கை என்ன ஆவது?

வண்டிக்காரர்தான் துணியை உருவினார். "தையல் மிஷின் சார். அவங்க வீட்டுக்காரர் டெய்லர்."

"மிஷினைக் காட்டி வேற எதையோ மறைக்கிறாங்க" என்றார் தலைமையாசிரியர்.

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பதினோரு மாதத்தில் முதல் ஒற்றுமை!

மருந்துக்கடைக்காரர் குரலில் தேன் தடவிக்கொண்டார். "எந்த மதம்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

நர்ஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கு சார் சொல்றது? சொன்னா ஒருத்தர் உள்ள வாங்கம்பீங்க, ரெண்டு பேர் வெளிய போங்கம்பீங்க. நைட் டியூட்டி முடிச்சு, தூங்காம சாமான் ஏத்திட்டு வந்திருக்கேன். அவரை மட்டும் எங்கயாவது கொஞ்சம் படுக்க வெக்கணும்."

வீடு இல்லை என்று மூவரும் ஒரே பேனாவால் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தம்மா துணியை எடுத்து மிஷினுக்குப் போர்த்திவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டி எந்தத் தெருவுக்குப் போனதோ தெரியாது. கட்டடத்தைக் காப்பாற்றிய பெருமையில் மூவரும் ஒரே லிஃப்டில், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு மேலே போனார்கள். நான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தேன். எனக்கு இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் நல்லவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நர்ஸ் எந்த மதமாக இருக்கும் என்று நடுவில் ஒரு தடவைகூட நினைக்கவில்லையா? நம்ம ஆளாக இருந்தால் கொதிக்கலாம், அடுத்த ஆளாக இருந்தால் உச்சுக்கொட்டிவிட்டு விட்டுவிடலாம் என்று, வந்த பரிதாபத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்திருக்கிறீர்களே, அவர் மதத்தை நான் சொல்வேன் என்றா? சொல்லமாட்டேன். எங்கள் குழுவுக்கு நான்காவதாக ஓர் ஆள் தேடுகிறார்கள். உங்கள் விலாசத்தைக் கொடுக்கட்டுமா?